ஒரே சத்தம்

பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்குவது என்று முடிவானதும் அவர் முதலில் போய் வாங்கி வந்தது ஒரு கட்டு வெள்ளைக் காகிதம். முப்பது வருடம் அட்டைப்பெட்டி அச்சடிக்கும் மெஷின்களோடு குடித்தனம் நடத்திய மனுஷர். அச்சடித்த கட்டத்துக்குள் வராத எதையும் அவர் லேசில் நம்புவதில்லை. அச்சகத்தைக் கூட்டாளியிடம் ஒப்படைத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் ஒரு சாயங்காலம் அங்கே போய், அறுபத்திரண்டு கேள்விகள், மூன்று படகுகளுக்கு மூன்று பத்திகள் என்று ஒரு படிவம் அடித்துக்கொண்டு வந்துவிட்டார். அதன் ஓரத்தில் துளை போட்டு, நூல் கட்டி, பென்சிலும் தொங்கவிட்டிருந்தார்.

"பொண்ணு கல்யாணத்துக்குக்கூட நீங்க இவ்வளவு விசாரிக்கல," என்றாள் அவர் மனைவி, படிவத்தைப் புரட்டிக்கொண்டே.

அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை ஓட்டையானா நாம முழுக மாட்டோம்," என்றார்.

அவள் பல் டாக்டர். இரண்டு நாற்காலி போட்ட சின்ன கிளினிக், இருபத்தாறு வருடமாக நடக்கிறது. ஒரு வருடம் இருவரும் படகிலேயே இருப்பது, கரையோரமாகத் துறைமுகம் துறைமுகமாகப் போவது என்பது அவருடைய ஆசை. முதலில் அவளுக்கு அது கிறுக்குத்தனமாகப் பட்டது. பிறகு படகைப் பற்றி அவர் மேஜைமேல் விட்டுவைத்த புத்தகங்களை ஒருநாள் சும்மா எடுத்துப் பார்த்தாள், அன்றிலிருந்து அவளையும் அது பிடித்துக்கொண்டது. ஒரு படகுக்குள் இவ்வளவு சந்து பொந்துகள் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. சந்து பொந்து என்றால் அவளுக்குக் கை பரபரக்கும், தொழில் அப்படி.

மாதக் கடைசிக்குள் கிளினிக்கை ஒரு வருடத்துக்கு ஜூனியரிடம் விடுகிறாளா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். அவளைத் தடுத்தது கடல் இல்லை, இவர்தான். இவர் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டார்.

இது முப்பத்தொரு வருடப் புகார் என்றாலும் சமீப காலமாக எல்லை மீறிப் போயிருந்தது. பால் வாங்கி வரச் சொன்னால் பன் வாங்கி வருவார். கிளினிக்குக்குச் சாப்பாடு கொண்டுவரும்போது "அங்க வைங்க" என்றால் இங்கே வைப்பார். சத்தம் போட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். இருவரும் சேர்ந்து போன படகோட்டும் வகுப்பில் நடந்ததைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. பாயின் அடியில் ஒரு குறுக்குக் கம்பம் உண்டு, காற்று திசை மாறினால் அது படகின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் பாய்ந்து போகும். அது வருவதைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "குனிங்க!" என்று அவள் கத்தினாள். அவர் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றார். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிப் போனது. "வீட்டுக்காரம்மா சொன்னா கேக்கணும் சார்," என்று பயிற்சி கொடுத்தவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மூணு படகும் பாக்கலாம்," என்று அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட்டாள். "பாத்துட்டு, நான் வரேனா இல்லையான்னு சொல்றேன். சொன்னா கேக்காத மனுஷனோட என்னால கடலுக்கு வர முடியாது."

அவர் வேகமாகத் தலையாட்டினார். அந்த வேகமே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை படகுத்துறைக்குப் போனார்கள். தண்ணீரிலிருந்து தூக்கி, இரும்புக் கால்களின்மேல் நிறுத்திவைத்த படகுகள் வரிசையாக நின்றன. பெயின்டும் டீசலும் கலந்த நெடி மூக்கில் ஏறியது. தரகர் ஒரு பெண்மணி, வாயைத் திறந்தால் இரண்டாவது வார்த்தை 'ஆனா'தான். "நல்ல படகு சார். ஆனா வயசு நாப்பத்தொண்ணு." "இன்ஜின் ஓடும். ஆனா அதுக்கு மனசு வரணும்." அரை மணி நேரத்துக்குள் அவருக்கு 'ஆனா மேடம்' என்று பேர் விழுந்துவிட்டது.

அன்று பார்த்த படகுக்கும் பேர் வைத்தாயிற்று. கனத்த உடம்பு, ஆழமான அடிப்பாகம், எது வந்தாலும் அசைந்துகொடுக்காத தோரணை. இருவரும் ஒரே நேரத்தில் "மாமியார்" என்றார்கள்.

ஆனா மேடம் ஒரு சின்ன பிளாஸ்டிக் சுத்தியலை எடுத்து மேல்தளத்தைத் தட்டிக் காட்டினார். "இது க்ரீம் பிஸ்கட் மாதிரி சார். மேல ஒரு ஃபைபர், கீழ ஒரு ஃபைபர், நடுவுல லேசான மரம். பழைய ஸ்க்ரூ ஓட்டை வழியா தண்ணி எறங்கினா நடுவுல இருக்கற மரம் ஊறி அழுகிடும். ஆனா மேல பளபளன்னு இருக்கும். தட்டினாத்தான் தெரியும். நல்ல இடம் 'டக்'னு சொல்லும். ஊறின இடம் 'டொக்'னு சொல்லும். சத்தம் மாறற இடத்துல இந்தக் காகித டேப்பை ஒட்டுங்க. அப்புறம் என்ன வாங்கறோம்னு தெரிஞ்சு வாங்கலாம்."

"நாங்க பல்லுல பண்றதும் இதேதான்!" என்றாள் அவள் பூரிப்போடு. மேல் சட்டைப்பையில் தயாராக வைத்திருந்த வாய்க்கண்ணாடியை எடுத்துக் காட்டினாள். நீளக் கைப்பிடி, நுனியில் காசு அளவுக் கண்ணாடி. "இதோட பின்பக்கத்தால தட்டித்தான் பாப்போம்."

வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். அவர் மேலே தட்டுவது, அவள் உள்ளே ஆராய்வது. அவள் டார்ச்சோடு இறங்கிப் படுக்கைப் பலகைகளைத் தூக்கி, யாரும் எட்டிப் பார்க்காத மூலைகளுக்குள் வாய்க்கண்ணாடியை நுழைத்தாள். இன்ஜினின் முதுகைப் பார்த்தாள். படகு கவிழாமலிருக்க அடியில் கட்டிய எடையைப் பிடித்து நிற்கும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக, கடைவாய்ப் பல் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஓர் அலமாரிக்குள் ஒரு சாண் உயரத்தில் வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. எப்போதோ தண்ணீர் தேங்கி நின்ற அடையாளம். கடல் தண்ணீரா, மழைத் தண்ணீரா? யோசித்துவிட்டு, விரலால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு இல்லை. 'கேள்வி 38: மழை' என்று படிவத்தில் எழுதியபோது அவளுக்கு உண்டான சந்தோஷம், கிளினிக்கில் கிடைத்து வெகுகாலம் ஆகியிருந்தது.

மேலே ஒரு டேப்பும் ஒட்டப்படவில்லை. "பூரா ஒரே சத்தம்," என்றார் அவர். அவளும் நாலைந்து இடம் தட்டிப் பார்த்தாள். உண்மைதான், மாமியார் எங்கே தட்டினாலும் கணீரென்று பதில் சொன்னாள். ஆனால் உள்ளே ஒரே இருட்டு. படுக்கையில் ஒருவர் புரண்டால் இன்னொருவர் எழுந்து நிற்க வேண்டும்.

இரண்டாவது ஞாயிறு பார்த்த படகுக்கு 'புது மாப்பிள்ளை' என்று பேர். இருபத்தெட்டு வயது, மேனியில் ஒரு கீறல் இல்லை, புது மெத்தை, புது விளக்கு. பின்பக்கத்தில் ஆளுயரச் சக்கரம். அதைப் பிடித்து நின்றபோது அவருக்கு இருபது வயது குறைந்துவிட்டது. அவள் முன்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்து பார்த்தாள். வசதியாகத்தான் இருந்தது, கடலைப் பார்த்தபடி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

அவர் முக்கால் மணி நேரம் தட்டினார். "பூரா ஒரே சத்தம்," என்றார். ஒரு டேப்கூட இல்லை. படிவத்தில் பெரிதாக ஒரு சரி போட்டார்.

கீழே இறங்கப் போனவள், பழக்கதோஷத்தில், கையிலிருந்த வாய்க்கண்ணாடியின் கைப்பிடியால் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். டொக். நின்றாள். அரை அடி தள்ளித் தட்டினாள். டக். மறுபடி இங்கே, டொக். பத்து நிமிடத்தில் பத்தொன்பது இடங்களில் டேப் ஒட்டிவிட்டாள். அடிபட்டுக் கட்டுப்போட்டவர் மாதிரி ஆகிவிட்டார் மாப்பிள்ளை. "நானே சொல்லியிருப்பேன்," என்றார் ஆனா மேடம். "ஆனா நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க."

காரில் ஏறியதும் அவள் வெடித்தாள். "உங்களுக்கு அந்தப் படகு பிடிச்சிருந்தா பிடிச்சிருக்குன்னு சொல்லுங்க. பொய் எதுக்கு?"

"பொய்யா? எனக்கு நிஜமாவே ஒரே சத்தமாத்தான் இருந்துது."

"பத்தொம்பது இடம்! தெருவுல போறவங்களுக்குக்கூடத் தெரியும். கடலுக்குப் போயி, படகுல ஓட்டைன்னு நான் கத்துவேன், நீங்க 'எல்லாம் நல்லா இருக்கு'ன்னு சிரிப்பீங்க. இன்னும் ஒரு படகு இருக்கு. அங்கயும் இப்படித்தான்னா நீங்க தனியாவே போய்க்கோங்க. நான் ஜூனியர்கிட்ட கிளினிக்க விடப்போறதில்ல."

அவர் சாலையையே பார்த்து ஓட்டினார். வீடு வரும்வரை அவள் பக்கம் திரும்பவேயில்லை. ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிறார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாவது படகு 'சித்தப்பா'. முப்பத்தாறு வயது. வெளுத்துப்போன நீலம், அங்கங்கே ஒட்டுப்போட்ட இடங்கள், ஆனாலும் வா வா என்று கூப்பிடும் முகம். பழைய சொந்தக்காரர் எதைப் பார்த்தாலும் சீட்டு எழுதி ஒட்டும் ஆசாமி போலிருக்கிறது. தண்ணீர்க் குழாயில் 'திறக்கும் முன் யோசி'. கழிப்பறைப் பம்பில் 'ஏழு தடவை, சோம்பேறித்தனம் வேண்டாம்'. ஒரு மூடியைத் திறந்தால் உள்ளே 'இங்கே ஒன்றுமில்லை, மூடு'. கோபத்தோடு வந்திருந்தவள், அந்தச் சீட்டைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அடுத்தது என்ன, அதற்கடுத்தது என்ன என்று வாய்க்கண்ணாடியோடு கடைசி மூலைவரை போனாள்.

இந்த முறை மேல்தளத்தை அவளே தட்டினாள். பாய்மரத்தின் அடியில் மட்டும், கைக்குட்டை அளவுக்கு டொக் என்றது. டேப் ஒட்டிவிட்டு உள்ளே வந்தாள். அவர் படிக்கட்டுக்குப் பின்னால் மண்டியிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி, இன்ஜின்மேல் இருந்த சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு ஒரு முழம் தள்ளி, சுவரில், கேஸ் கசிந்தால் கத்தும் வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தது. அதன்மேல் 'இது கத்தினால் கேஸை மூடு, அப்புறம் பேசு' என்று எழுதியிருந்தது.

"இது இன்னும் வேலை செய்யுதான்னு பாத்துடலாம்," என்று ஆனா மேடம் பெட்டியின் பொத்தானை அழுத்தினார்.

ஊசி குத்துவதுபோல ஒரு சத்தம். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். தரகரே முகத்தைச் சுளித்தார். மண்டியிட்டிருந்தவர் மட்டும் டார்ச்சைச் சற்றுத் திருப்பிப் பிடித்து, சீட்டின் அடுத்த வரியைப் படிக்கப் போனார்.

சத்தம் நின்றது. "சாருக்கு நல்ல பொறுமை," என்றார் ஆனா மேடம். "ஆனா..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். போன் பேச வேண்டும் என்று சொல்லி ஏணியில் இறங்கிப் போனார்.

அவள் அவருடைய முதுகையே பார்த்து நின்றாள். "என்னங்க," என்றாள், வீட்டில் கூப்பிடும் குரலில். அவர் திரும்பவில்லை.

"என்னங்க, உங்க சட்டையில தீப்பிடிச்சிருக்கு."

அவர் பென்சிலால் படிவத்தில் எதையோ குறித்துக்கொண்டார்.

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். பால் என்றால் பன் வாங்கி வந்தது. கிளினிக்கில் முகமூடியோடு சொன்னபோதெல்லாம் தப்பாகச் செய்தது. "அப்பா போன எடுத்ததும் உங்ககிட்ட குடுத்துடறார், என்மேல கோவமா?" என்று மகள் இரண்டு தடவை கேட்டது. தான் பேசும்போது அவர் முகத்தையே பார்ப்பதைக் கண்டு, வயதான காலத்தில் இப்படி ஒரு பிரியமா என்று தனக்குள் பெருமைப்பட்டது. அன்றைக்குக் 'குனிங்க' என்று கத்தியபோது தெரிந்ததும் அவர் முதுகுதான். இத்தனை வருடப் புகாரில் எது கேட்காதது, எது காதில் விழாதது என்று இனிமேல் எப்படிப் பிரிப்பது? பாதிக்குப் பாதி நிஜப் பிடிவாதம்தான், அதில் சந்தேகமில்லை. மீதிப் பாதியை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஊரார் பல்லையெல்லாம் தட்டிப் பார்க்கிறவள், வீட்டில் இருப்பவரைப் பார்க்கவில்லை.

எழுந்து போய் அவர் தோளைத் தொட்டாள். "மேல வாங்க," என்றாள்.

பாய்மரத்துக்குப் பக்கத்தில் அவரை நிற்கவைத்து, கைப்பிடியால் டேப்புக்கு வெளியே தட்டினாள், டக். உள்ளே தட்டினாள், டொக். "வித்தியாசம் தெரியுதா?"

"ரெண்டும் ஒண்ணுதானே," என்றார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் டேப்பைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. மெல்ல அங்கேயே உட்கார்ந்தார்.

"எவ்வளவு நாளா?" என்றாள்.

"மூணு வருஷம் இருக்கும். மெஷின் பக்கத்துலயே நின்னதுல வந்திருக்கும். பேச்சுதான் தெளிவா விழாது. தட்டற சத்தம் நல்லாவே கேக்குது, அதுல ரெண்டு வகை இருக்குன்னுதான் எனக்குத் தெரியல. நான் பொய் சொல்லல."

"அது தெரியுது. இத ஏன் மறைச்சீங்க? என்கிட்டயா?"

அவர் படிவத்தில் தொங்கிய பென்சிலைச் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தார். "காது கேக்காதவன்னு தெரிஞ்சா நீ படகுல ஏற மாட்டே. சொன்ன பேச்சு கேக்காதவன்னா, அவனோட முப்பத்தொரு வருஷமா இருக்கியே."

அவளுக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கேட்டாள்: "நான் தண்ணில விழுந்து கத்தினா என்ன பண்ணுவீங்க?"

"அதத்தான் நெனச்சுக்கிட்டே இருக்கேன்," என்றார். "பயமா இருக்கு. வேண்டாம்னு நீயே சொல்லிட்டா நல்லாருக்கும்னுகூட நெனச்சேன்."

 கீழே யாரோ உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் வந்தது. அது அவருக்குக் கேட்கிறதா என்று அவள் யோசித்தாள். கேட்காது என்று பட்டது. இத்தனை நாள் சேர்ந்து இருந்த உலகத்தில் எந்தெந்தச் சத்தம் அவருக்கு இல்லை என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசையாக இருந்தது. அதற்கே ஒரு வருடம் வேண்டியிருக்கும்.

அவள் எழுந்து பின்பக்கம் போனாள். சித்தப்பாவுக்குச் சக்கரம் கிடையாது. சுக்கானைத் திருப்ப ஒரு நீளத் தடிதான். தடிக்கு இரண்டு பக்கமும் எதிரெதிரே இரண்டு பலகை இருக்கைகள். ஒன்றில் அவரை உட்காரவைத்து, தடியைக் கையில் கொடுத்தாள். எதிர்ப் பலகையில் தான் உட்கார்ந்தாள். முட்டியும் முட்டியும் இடித்தன. அவர் முகம் முழுக்கத் தெரிந்தது.

"அந்தப் படிவத்தக் குடுங்க."

அறுபத்திரண்டு கேள்விக்கும் கீழே, காலியாக இருந்த இடத்தில் எழுதினாள். '63: சுக்கான் பிடிப்பவருக்கு எதிரில் இருப்பவர் முகம் தெரியுமா?' மாமியாரில் அந்த இடம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். அங்கேயும் முதுகுதான். மாமியார், இல்லை. மாப்பிள்ளை, இல்லை. சித்தப்பா என்ற பத்தியில் ஒரு சரி போட்டாள்.

"கைக்குட்டை அளவுக்கு ஊறியிருக்கே," என்றார் அவர், பாவம், நியாயமாக.

"சொத்தை சின்னதா இருக்கறப்பவே அடைச்சிடலாம். அது என் வேலை. உங்களுக்கு ஒரு வேலை இருக்கு. புதன்கிழமை காது டாக்டர். நானும் கூட வரேன்."

"ஒரு மெஷின விட்டு ஆறு மாசம்தான் ஆகுது. இப்ப காதுல ஒண்ண மாட்டணுமா? உப்புத்தண்ணி பட்டா அது போயிடும்."

"பட்டா கழட்டிடுங்க. கழட்டிட்டு என் மூஞ்சியப் பாருங்க."

அவர் சரியென்று சொல்லவில்லை. ஆனால் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவுமில்லை. அவளுக்கு ஒன்றைச் சோதித்துப் பார்க்கத் தோன்றியது. குரலை எழுப்பாமல், உதடுகளை மட்டும் அசைத்து, ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

குனிங்க.

அவர் படாரென்று தலையைக் குனிந்துகொண்டார். தலைக்கு மேலே கம்பமும் இல்லை, பாயும் இல்லை. இரண்டையும் கழற்றித் தரையில் அடுக்கியிருந்தார்கள். இரண்டு கையாலும் தலையைப் பிடித்தபடி, "போயிடுச்சா?" என்று கேட்டார்.

போயிடுச்சு என்று சொல்ல வாயெடுத்தாள். குனிந்திருப்பவருக்கு அது எங்கே விழப்போகிறது? எட்டி அவர் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். அவர் கண் தன் முகத்துக்கு வரும்வரை காத்திருந்துவிட்டு, "நான் வரேன்," என்றாள்.